மஞ்சள் நூல் கட்டிய காட்டுப் பாக்கு

அடி அண்ணாமலை
10-3-2002

அன்புள்ள அக்காவுக்கு,

எழில் எழுதிக்கொள்வது. அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். வெயில் ஏறியதும் அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கடல் காற்று உனக்கு ஒத்துக்கொண்டதா, தலைவலி விட்டதா என்று எழுது.

நீ அனுப்பின விதைப் பெட்டியைத் திறந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது ஓர் எறும்பு. விதைகளைச் சுற்றியிருந்த ஈரத் தேங்காய் நாருக்குள்ளிருந்து வெளியே வந்து, பெட்டியின் விளிம்பில் நின்று மீசையை ஆட்டியது. நம் ஊர் எறும்பைவிடக் கறுப்பு, கால்களும் நீளம். கப்பலில் வந்து, சென்னையில் பஸ் ஏறி, இவ்வளவு தூரம் பிழைத்து வந்திருக்கிறதே என்று பாவமாக இருந்தது. ஆனாலும் நசுக்கிவிட்டேன். வெளியூர்ப் பூச்சி எதுவும் பண்ணைக்குள் இறங்கக் கூடாது என்று பண்ணையை நடத்துகிற கோதண்டராமன் சார் முன்பே சொல்லியிருந்தார்.

மலைக்கு மரம் வைப்பதற்காக நடத்துகிற எங்கள் நாற்றுப்பண்ணைக்குக் கடல் தாண்டி விதை வருவது இதுதான் முதல் தடவை. சார் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். என்னோடு வேலை செய்கிற கன்னியம்மாள் அக்கா ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு, “இன்னாடி இது, கொட்டப் பாக்கு மாதிரி கீது. வெத்தல எங்கன்னு உங்கக்காவ கேளு” என்றாள்.

மூன்று பொட்டலமும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். தனித்தனியாகத்தான் விதைத்திருக்கிறேன். ஆனால் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஒரே செடியாக இருந்தால் ஏன் பிரித்து வைக்க வேண்டும்?

வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
எழில்


குட்டித் தீவு முகாம்
6-4-2002

அன்புத் தங்கை எழிலுக்கு,

தென்றல் எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை. தலைவலி போய்விட்டது, அதற்குப் பதிலாக அட்டைக்கடி வந்திருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்லாதே. இங்கே போன் கிடையாது. தபால் படகும் கடல் சரியாக இருந்தால்தான் வரும். பதில் தாமதமானால் பயப்படாதே.

எறும்பை நசுக்கினது ரொம்பச் சரி.

நீ கேட்ட கேள்வியைத்தான் நானும் ஆஃப்ஷீன் மேடத்திடம் முதல் நாள் கேட்டேன். இந்த மரத்தைக் காப்பாற்றும் திட்டத்துக்கு அவர்தான் தலைமை. சொல்கிறேன் கேள். நாங்கள் காட்டுப் பாக்கு என்று கூப்பிடும் இந்த மரம் மூன்று தீவுகளில் இருக்கிறது. பெரிய தீவில் ஆயிரக்கணக்கில் நிற்கிறது. ஆனால் எந்தக் காலத்திலோ காடு அழிந்து, மிஞ்சின நாலைந்து மரத்திலிருந்து மறுபடி பெருகினவை அவை. அதனால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே ரத்தம். நடுத் தீவிலும் அதே கதைதான். குட்டித் தீவில் ஒரு மலைச்சரிவில் மட்டும் கொஞ்சம் மரங்கள். ஆனால் ஒன்றுக்கொன்று அவ்வளவு வித்தியாசம். பார்த்தால் தெரியாது, உள்ளே இருக்கிறது. ஒரு நோய் வந்தால் எல்லா மரமும் ஒரே மாதிரிச் சாகாமல் இருப்பதற்கு அந்த வித்தியாசம் வேண்டும். எண்ணிக்கை ஜாஸ்தி என்பதால் மட்டும் ஒரு மரம் பிழைத்துவிடாது.

இந்த விதையை உலர்த்தி டப்பாவில் போட்டு வைக்க முடியாது, காய்ந்தால் செத்துவிடும். நாற்றாக வளர்த்துத்தான் காப்பாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வளர்க்க வேண்டாம் என்று பாதியைப் பெரிய தீவு நாற்றங்காலில் வைத்துக்கொண்டு பாதியை அங்கே அனுப்பினோம். “உங்க ஊர்ல யார் பொறுப்பா பாத்துப்பாங்க?” என்று மேடம் கேட்டார். “என் தங்கச்சி” என்றேன். “என்ன படிச்சிருக்காங்க?” என்றார். “ஒன்பதாவதோட நின்னுட்டா, ஆனா செடி விஷயத்துல நான் ஜாமீன்” என்றேன். அடுத்த வருஷ மழைக்கு நாற்றுகள் அந்தந்தத் தீவுக்கே திரும்ப வேண்டும். எது எந்தத் தீவு என்று தெரியாத நாற்றைத் திட்டம் ஏற்காது. இதை மட்டும் நினைவில் வை.

அப்பாவைக் கண்ணாடி மாற்றச் சொல். தையல் கோணுகிறது என்று போன கடிதத்திலேயே புலம்பியிருந்தார்.

அன்புடன்,
தென்றல்


அடி அண்ணாமலை
15-9-2002

அன்புள்ள அக்கா,

வீட்டில் எல்லோரும் சுகம். அப்பா கண்ணாடி மாற்றிவிட்டார். இப்போது என் ரவிக்கையில் பழைய கோணல் எல்லாம் தெரிகிறதாம், பிரித்துத் தைக்கிறார். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

விதை முளைத்து மாதங்கள் ஆகிவிட்டன. நீ பயமுறுத்தின அளவுக்கு இல்லை, நிறையவே வந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று ஓலை. பைக்கு மாற்றும்போது வழக்கம்போல் சார் நோஞ்சானை எல்லாம் கழிக்கச் சொன்னார். நான் அந்தப் பைகளை எடுத்து என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன். பேச வரவில்லை. கன்னியம்மாள் அக்காதான், “சார், அது குடுக்காது. விட்டுடுங்க” என்றாள்.

நீ எழுதினது எனக்குப் பிறகு புரிந்தது. பக்கத்துத் தெருவில் ஒரே கிடாவை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக ஆடு வளர்த்தார்களே, குட்டி எல்லாம் பார்க்க அழகாக இருக்கும், ஒரு மழை வந்தால் சேர்ந்தாற்போல் இருமும். நம் அம்மா செங்கத்துப் பக்கமிருந்து வேறு கிடா கொண்டுவந்த பிறகுதான் நம் குட்டிகள் பிழைத்து நின்றன. அது மாதிரிதானே?

ஒரு சங்கடம் வந்தது. பெயர் எழுதி நட்ட குச்சிகளைக் கரையான் தின்றுவிட்டது. பையின் மேல் மையில் எழுதினால் தண்ணீர் பட்டுப் பட்டு அழிகிறது. அதனால் அப்பாவின் தையல் கடையிலிருந்து சாயம் போகாத நூல் எடுத்து வந்து ஒவ்வொரு செடியின் அடியிலும் தளர்வாகக் கட்டிவிட்டேன். பெரிய தீவுக்குச் சிவப்பு, நடுத் தீவுக்குப் பச்சை, குட்டித் தீவுக்கு மஞ்சள். பார்க்க நன்றாக இருக்கிறது. சரிதானா என்று மேடத்திடம் கேட்டு எழுது.

எழில்


பெரிய தீவு
20-10-2002

அன்பு எழில்,

நலமாக இருக்கிறேன். எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

நூல் யோசனையை மேடத்திடம் சொன்னேன். சிரித்தார், நல்லது என்றார். ஆட்டுக்கிடாவைப் பற்றி நீ எழுதினதையும் படித்துக் காட்டினேன்.

இங்கே நாற்றுகள் கொஞ்சம் சுணக்கமாக இருக்கின்றன. பெரிதாக ஒன்றும் இல்லை. உன்னுடையதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். மஞ்சள் நூலை இன்னும் பத்திரமாக.

படகு கிளம்புகிறது.

தென்றல்


அடி அண்ணாமலை
25-11-2002

அன்புள்ள அக்கா,

அப்பாவும் அம்மாவும் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும்.

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐப்பசி மழையில் பின்பக்கப் பாத்தியில் தண்ணீர் தேங்கிவிட்டது. வேர் அழுகிவிடும் என்று காட்டுப் பாக்குப் பைகளை எல்லாம் அவசரமாகத் தூக்கி முன்பக்கம், கிரிவலப் பாதையை ஒட்டின வேலி ஓரமாக வைத்தோம். எது எங்கே என்று வரிசை பார்க்கவில்லை. நூல்தான் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

தீபத்தன்று மத்தியானமே பாதை நிறையக் கூட்டம். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் வேலி ஓரம் நின்றார்கள். “ஏம்மா, இந்தச் செடிக்கு இன்னாத்துக்கு மஞ்சக் கயிறு கட்டிகீது? வேண்டுதலா?” என்று அந்த அம்மா கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

உடனே கையிலிருந்த மஞ்சள் கயிற்றை வேலிக்கு மேலே குனிந்து ஒரு செடியில் கட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் வந்தவர்கள், “இன்னாது?” “புள்ள வரம் குடுக்கிற செடியாம்” “எந்தச் சாமிக்கு?” “யாருக்குத் தெரியும், கட்டு கட்டு” என்றார்கள். நான் ஓடிப்போய்க் கன்னியம்மாள் அக்காவைக் கூட்டி வருவதற்குள் வேலி ஓரம் ஆள் நெருங்கிவிட்டது. அவள் கத்தினாள். “யம்மா, இது பாக்குச் செடிம்மா, சாமிச் செடி இல்லம்மா!” ஒருவரும் கேட்கவில்லை. இவள்தான் பூசாரி, காசு கேட்கிறாள் என்று நினைத்து ஒரு பாட்டி அவள் கையில் இரண்டு ரூபாய் கொடுத்தார்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் வேலி ஓரம் முழுக்க மஞ்சள். ஓலையில் குங்குமம். ஒரு செடியில் துணித் தொட்டில் கட்டி, அந்தப் பாரத்தில் ஓலை மடங்கிக் கிடந்தது. அதுகூடப் பரவாயில்லை அக்கா. ஒரு கயிறு கட்டினால் ஒரு கயிற்றை அவிழ்த்து வீட்டுக்குப் பிரசாதமாக எடுத்துப்போக வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். என் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. மஞ்சளில் எது என்னுடையது, எது அவர்களுடையது என்று தெரியவில்லை.

கோதண்டராமன் சார் திட்டவில்லை. “ஒரு வார்த்த எழிலு. இல்லன்னு ஒரு வார்த்த. அது வாயில வராதா?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செடி ஒன்றும் சாகவில்லை. எது எந்தத் தீவு என்றுதான் இப்போது யாருக்கும் தெரியாது. நீ எனக்கு ஜாமீன் நின்றாய். என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

எழில்


அடி அண்ணாமலை
22-12-2002

அன்புள்ள அக்கா,

இங்கு சுகம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை.

தபால்காரர் இந்தத் தெருவுக்கு வரும்போது நான் பண்ணையில் இருக்கிறேன் என்பதால், கடிதம் வந்தால் பண்ணைக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நானே கேட்டேன். கன்னியம்மாள் அக்கா பக்கத்தில் நின்றாள், ஆனால் கேட்டது நான்தான்.

கயிறுகளை எல்லாம் அவிழ்த்துவிட்டேன். குங்குமத்தை ஈரத் துணியால் துடைத்தேன். மடங்கின ஓலை பழுத்துவிட்டது, ஆனால் அதே செடியில் புதுக் குருத்து வந்திருக்கிறது.

நீ கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது.

எழில்


அடி அண்ணாமலை
24-1-2003

அன்புள்ள அக்கா,

பொங்கல் நல்லபடி போயிற்று. அம்மா உனக்குப் புடவை எடுத்து வைத்திருக்கிறாள். உன் கடிதம் வராததைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் தெருவில் சைக்கிள் மணி கேட்டால் எழுந்துபோய்ப் பார்க்கிறாள்.

ஒரு காரியம் செய்துவிட்டேன், உன்னிடம் சொல்ல வேண்டும்.

செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் தங்குவதற்கு அப்பாதுரை என்பவர் மாடி வைத்து விடுதி கட்டிக்கொண்டிருக்கிறார். குரோட்டன்ஸ் வாங்க வந்தவர் காட்டுப் பாக்கைப் பார்த்துவிட்டார்.

“இது இன்னா சார், சோக்கா கீதே?”

“தீவுலருந்து வந்ததுங்க. கலந்து பூட்டுது. அவங்களுக்கு இனிமே ஒதவாதுன்னு நெனக்கிறேன். ஒரு பதிலும் காணோம்” என்றார் சார்.

“அப்ப எங்கிட்ட தள்ளுங்க. ஊர் பேர் தெரியாத செடிக்கு இன்னாத்துக்குத் தண்ணி ஊத்திக்கினு? எங்க வாசல்ல வெச்சா ஃபாரின்காரன் நின்னு போட்டோ புடிப்பான்.”

சார் கெட்டவர் இல்லை அக்கா. கோடைக்கு வேறு நாற்று போட இடம் வேண்டும், இவற்றை என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. யோசித்துக்கொண்டே பைகளைப் பார்த்தார். சரி என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“அக்கா லெட்டர் போட்டிருக்கா” என்றேன்.

இருவரும் திரும்பினார்கள். அப்பாதுரை, “இந்தப் பொண்ணு பேசுமா?” என்றார்.

“எப்ப வந்துது?” என்றார் சார்.

“நேத்து. ஒண்ணையும் குடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கா.”

“காட்டு பாப்போம்.”

“வீட்ல கீது.”

சார் என்னையே பார்த்தார். காது மடல் எரிந்தது. “சரி, மாசி முடியட்டும். அதுக்குள்ள அந்த லெட்டரைக் கொண்டாந்து காட்டு” என்றார். நம்பினாரா இல்லையா தெரியவில்லை. அப்பாதுரை முன்பணம் தருகிறேன் என்றார், சார் வாங்கவில்லை.

அதனால் நீ எழுதியே ஆக வேண்டும். என்மேல் கோபம் இருந்தால் அதை வேறு தாளில் எழுது. ஒரு தாளில் மட்டும், ஒன்றையும் கொடுக்காதே என்று எழுதி அனுப்பு. எது எந்தத் தீவு என்று தெரியாவிட்டாலும், மஞ்சள் நூல் கட்டின செடிகள் இதற்குள்ளேதான் எங்கேயோ இருக்கின்றன. விற்றுவிட்டால் அதுவும் இல்லை.

நீ நன்றாக இருக்கிறாய் என்றாவது எழுது.

எழில்


பெரிய தீவு
17-2-2003

என் தங்கமே எழில்,

நான் நன்றாக இருக்கிறேன். இதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி.

கார்த்திகையிலிருந்து குட்டித் தீவில் மாட்டிக்கொண்டோம். கடல் கொந்தளிப்பில் படகே வரவில்லை. அரிசியும் பருப்பும் இருந்தன, மீனும் கிடைத்தது, பட்டினி இல்லை. போன வாரம் திரும்பினால் உன் மூன்று கடிதமும் சேர்ந்து காத்திருந்தன. ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன். முதலாவதில் சிரித்தேன். கன்னியம்மாள் பூசாரி ஆனதை இங்கே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இரண்டாவதை முழுசாகப் படிக்க முடியவில்லை. மூன்றாவதை மேடத்துக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

உனக்கு நான் ஒன்றை மறைத்தேன். ஐப்பசியிலேயே இங்கே நாற்றங்காலில் குருத்தழுகல் வந்துவிட்டது. பெரிய தீவு நாற்றுகள் ஒன்று விழுந்ததும் பக்கத்தில் பக்கத்தில் என்று மொத்தமும் விழுந்தன. எல்லாம் ஒரே ரத்தம் அல்லவா, ஒன்றுக்குத் தாங்காதது எதற்கும் தாங்கவில்லை. நடுத் தீவு நாற்றுகளுக்கும் அதே கதி. குட்டித் தீவு நாற்றுகளில் ஒரு பாதி அசையாமல் நின்றது. அதைப் பார்த்துத்தான், தாய் மரங்களிலிருந்து இன்னும் விதை எடுக்கலாம் என்று குட்டித் தீவுக்குப் போனோம். நாங்கள் அங்கே இருக்கும்போதே மழையில் சரிவு இடிந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மரங்கள் போய்விட்டன. ஓரத்தில் நாலைந்து நிற்கின்றன, அவ்வளவுதான். திரும்பி வந்தால் இங்கே நாற்றுக் கொட்டகையின் கூரையையும் காற்று பிரித்துப் போட்டு, மிஞ்சியிருந்த குட்டித் தீவு நாற்றுகளும் நசுங்கிக் கிடந்தன. அழுகல் வந்தபோதே எழுதினால் நீ சோறு தின்ன மாட்டாய் என்று எழுதவில்லை. நீயோ இந்தப் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு நூலுக்காக அழுதிருக்கிறாய்.

ஆகவே எழில், குட்டித் தீவு மரத்தின் அடுத்த தலைமுறை இப்போது நம் ஊர் வேலி ஓரத்தில்தான் இருக்கிறது. மேடத்திடம் பயந்துகொண்டேதான் சொன்னேன். அவர், “நூல்தானே போச்சு, செடி போகலையே. உள்ள இருக்கிற அடையாளத்தை யாரும் அவுத்து எடுத்துட்டுப் போக முடியாது” என்றார்.

ஒவ்வொரு செடியிலிருந்தும் கட்டைவிரல் அளவு இலைத்துண்டு போதும். ஆய்வுக்கூடத்தில் அதன் மரபணுவைப் பார்த்து எந்த மரத்து வம்சம் என்று சொல்லிவிடுவார்கள். தாய் மரங்களின் இலைகளை நாங்கள் முன்பே எடுத்து வைத்திருக்கிறோம், ஒப்பிடலாம். செலவு பிடிக்கிற வேலை என்பதால் நாற்றுகளுக்குச் செய்வதாக இல்லை. இப்போது வேறு வழி இல்லை. ஆய்வுக்கூடத்துக்காரர்கள் நிச்சயம் முடியும் என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

தகட்டில் எண் அடித்து அனுப்புகிறேன். செடிக்கு ஓர் எண், அதே எண் இலை உறைக்கு. உறைக்குள் போட ஈரம் உறிஞ்சும் மணிகளும் வருகின்றன, புதுச் செருப்புப் பெட்டியில் இருக்குமே, அது மாதிரி. இலை எடுக்கும் வரை ஒரு பையையும் நகர்த்தாதே.

தனித் தாளில், முத்திரையோடு, மேடத்தின் கையெழுத்தில் இருப்பது கோதண்டராமன் சாருக்கு. ஒரு செடியையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. நேற்றே வந்துவிட்டது என்று நீ சொன்ன கடிதம் அதுதான். கொஞ்சம் தாமதம், மன்னித்துக்கொள்.

உன்மேல் கோபமே இல்லாத,
தென்றல்


அடி அண்ணாமலை
20-3-2003

அன்புள்ள அக்கா,

அம்மாவிடம் முதலில் சொன்னேன். “எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. மறுநாள் கேசரி செய்தாள். அப்பா சுகம். நீ அந்த மழையில் எப்படி இருந்தாயோ என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அட்டைக்கடிக்கு மஞ்சள் போடு.

மாசி முடிவதற்குள் தாள் வந்துவிட்டது. சார் வாசித்துவிட்டு, மேலே இருந்த தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நேத்து வந்த லெட்டர் இதானா?” என்றார். நான் கீழே பார்த்தேன். “நல்ல லெட்டர்” என்று சொல்லி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

இலைகளை அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு செடிக்கும் தகடு மாட்டி, எண்ணைச் சத்தமாகப் படித்து, பிறகு வெட்டி, உறையிலும் அதே எண்ணை எழுதி, மறுபடி படித்தேன். கன்னியம்மாள் அக்கா, “இன்னாடி, ரேஷன் கடையில பேர் கூப்புடற மாதிரி கீது” என்றாள். நோஞ்சான்களை வெட்டும்போதுதான் மனசு வரவில்லை. மிகச் சின்னதாக எடுத்தேன். போதாவிட்டால் சொல்.

இலை எடுக்கும் வரை பையை நகர்த்தக் கூடாது என்றாய். ஆனால் அதை முடிப்பதற்குள் பௌர்ணமி வந்து மறுபடி கூட்டம் கூடிவிட்டது. தொட்டில் கட்டின செடி எங்கே என்று தேடியே சிலர் வந்தார்கள். சார் போர்டு எழுதி வைத்திருந்தார், யாரும் படிக்கவில்லை. நான் வேலிக்கு முன்னால் போய் நின்றேன். நாலு பெண்கள் கயிற்றோடு வந்தார்கள்.

“இது நேந்துக்கிற செடி இல்லீங்க” என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

“அப்ப இன்னா செடி?”

“தீவுச் செடிங்க. இங்க வளர்றதுக்கு வந்திருக்குது. அதும் ஊருக்குத் திரும்பிப் போவணும்.”

அதில் பெரியவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “ஊருக்குப் போற செடிக்குக் கட்டக் கூடாதுடி. நம்ம வேண்டுதலும் அது கூடவே கப்பலேறிப் போயிடும். வாங்க, முன்னாடி வேம்பு கீது” என்று மற்றவர்களை அழைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு யார் வந்தாலும் அதையே சொன்னேன். எல்லோருக்கும் புரிந்தது. தொண்டை கட்டிவிட்டது, வெந்நீர் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

எழில்


பெரிய தீவு
11-6-2003

எழில்,

சுகம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். தெரிந்துவிட்டது. எல்லாமே தெரிந்துவிட்டது. ஒரு செடி பாக்கி இல்லாமல் எது எந்த மரத்து வம்சம் என்று பட்டியல் வந்துவிட்டது. நோஞ்சான் இலைகளும் போதுமானதாக இருந்தன. குட்டித் தீவு நாற்றுகள் நாம் நினைத்ததைவிட அதிகமாகவே பிழைத்திருக்கின்றன. இடிந்துபோன சரிவில் இருந்த தாய் மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு உன்னிடம் பிள்ளை இருக்கிறது.

இன்னொன்று கேள். பெரிய தீவுப் பொட்டலத்தில் நான் போட்ட விதைகளில் கொஞ்சம், தீவின் மறுகரையில் மூன்று மரத்தடியில் பொறுக்கியது. எல்லாம் பெரிய தீவுதானே என்று ஒன்றாகப் போட்டுவிட்டேன். அந்தச் செடிகளின் இலையைப் பார்த்த ஆய்வுக்கூடத்துக்காரர்கள், இவை குட்டித் தீவு மரங்களுக்கு உறவு, பழைய வம்சம், தனியாக வையுங்கள் என்கிறார்கள். மேடம் அன்றைக்கே மறுகரைக்குப் படகு எடுத்துவிட்டார். மூன்று மரமும் நிற்கின்றன. பக்கத்துப் பள்ளத்தில் இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. குட்டித் தீவுக் குடும்பம் தனித்துப் போய்விட்டது என்றுதான் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தோம்.

உன் சிவப்பு நூல் ஒழுங்காக இருந்திருந்தால், பெரிய தீவுச் செடி என்று ஒதுக்கியிருப்போம், சோதித்தே இருக்க மாட்டோம். இதற்காகப் பெருமைப்படாதே, அடுத்த தடவையும் வேலி ஓரத்தில் வைக்காதே. ஆனால் நேற்று இரவு நான் வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த மாதம் நாற்றுகள் திரும்ப வேண்டும். சென்னையிலிருந்து கப்பல். அனுமதிச் சீட்டுகள் தயார். கப்பலில் மூன்று நாளும் நாற்றுகளோடு ஓர் ஆள் இருக்க வேண்டும். உப்புக் காற்றில் ஓலையைத் துடைக்க வேண்டும், தண்ணீர் அளவாக ஊற்ற வேண்டும். ஆள் செலவு திட்டத்துடையது. மேடம் உன் பெயரைச் சொன்னார், நான் சொல்லவில்லை. வேலூர் தாண்டி நீ போனதில்லை, எனக்குத் தெரியும். முடியாது என்றால் சார் வேறு ஆளை அனுப்பட்டும், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

எல்லோரும் சுகமா? அம்மாவின் முழங்கால் எப்படி?

தென்றல்


சென்னை
14-7-2003

அன்புள்ள அக்கா,

அப்பா, அம்மா சுகம். நேற்று அவர்களை விட்டுக் கிளம்பும்போது அம்மாவின் முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. லாரி திரும்பும் வரை கூடவே நடந்து வந்தாள்.

இந்தக் கடிதமும் நானும் ஒரே கப்பலில்தான் வருவோம். கையில் கொடுத்துவிடலாம். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதம் வந்ததும் பண்ணைக் கிணற்றடியில் உட்கார்ந்து படித்தேன். வேலைக்கு எழுந்துபோகாமல் மறுபடி முதலிலிருந்து படித்தேன். கன்னியம்மாள் அக்கா பயந்துபோய், “இன்னாடி, யாருக்கு இன்னா?” என்று ஓடி வந்தாள். ஒன்றும் இல்லை, எல்லாம் கிடைத்துவிட்டது என்றேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அந்த நவம்பரிலிருந்து நெஞ்சில் வைத்திருந்தது இறங்கினது மாதிரி இருந்தது.

அம்மா, “கப்பல்ல ஆரோட பேசுவ, எப்படிப் போவ? வாயில கொழுக்கட்டய வெச்சிக்கினு” என்றாள். அப்பா பைகள் சாயாமல் நிற்க ஒவ்வொரு கூடைக்கும் அளவெடுத்துச் சாக்குத் துணியில் உறை தைத்தார். அப்பாதுரை நேற்றும் வந்தார். காலியான இடத்தைப் பார்த்துவிட்டு, “மெய்யாலுமே போவுதா?” என்று கேட்டுவிட்டு இரண்டு குரோட்டன்ஸ் வாங்கிப் போனார்.

இன்று காலை துறைமுகத்துக்கு வந்தோம். லாரிக்காரர் கூடைகளை இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார். கடலை இவ்வளவு பக்கத்தில் இதுவரை பார்த்ததில்லை, ஆனால் அப்போது பார்க்க நேரமில்லை. வெயில் ஏறுவதற்குள் நாற்றுகளை நிழலுக்கு மாற்ற வேண்டும். கப்பல் ஆபீஸில் ஜன்னலுக்கு முன்னால் பெரிய வரிசை. என் முறை வந்தது. உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல், கூட யார் வந்திருக்கிறார்கள், சரக்குக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.

கூட யாரும் வரவில்லை, நான்தான் பொறுப்பு என்று சொல்லி, பெயரையும் சொன்னேன்.

எழில்